கடத்தி, தாங்கி, தலைவி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எங்கள் துறைக்கு வந்து, சுருள்கம்பி போட்ட ஒரு புத்தகத்தை என் மேசைமேல் வைத்தாள். இரத்தம் உறையாமைக் குறைபாடு உள்ள இளைஞர்களைத் தலைவர்களாக வளர்த்தெடுப்பதற்கான பயிற்சிக் கையேடு அது. எங்கோ ஒரு நாட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் ஒரு பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் படியெடுக்கப்பட்டு எங்கள் ஊர்வரை வந்திருந்தது. அவளுடைய தம்பிக்குக் கடுமையான ஹீமோபிலியா. தம்பியை அழைத்துக்கொண்டு அவள் போய்வரும் அமைப்பில், "நீதான் தமிழ் எம்.ஏ. ஆச்சே, இதைத் தமிழ்ல போட்டுக் கொடு" என்று சொல்லியிருக்கிறார்கள். பாதி முடித்துவிட்டாள். ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டாள்.

"அம்மா, கேரியர்னு வருது. தமிழ்ல என்ன போடட்டும்?"

டிபன் கேரியரைத் தவிர எனக்கும் உடனே எதுவும் தோன்றவில்லை.

பாடநூல்கள் "கடத்தி" என்கின்றன. மின்சாரத்தைக் கொண்டுபோகும் செம்புக்கம்பிக்கும் அதே சொல்தான். ஆனால் வீட்டுப் பேச்சில் கடத்தல் என்றால் தங்கம், சாராயம், ஆள். செய்தித்தாள் படிக்கிற எந்த மாமியாரும் மருமகளின் அறிக்கையில் "கடத்தி" என்று பார்த்தால் அதை அறிவியல் கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இலங்கைத் தமிழில் "நோய்க்காவி" என்ற சொல் இருக்கிறது. அது கொசுவுக்கும் பொருந்தும். "தாங்கி" என்று போடலாமா என்று யோசித்தபோது எனக்குச் சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகப் பாதையோரம் நட்டுவைப்பார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, போவோர் வருவோரெல்லாம் தங்கள் சுமையை அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறுவார்கள். செத்த பிறகும் அவளுக்குத் தாங்குகிற வேலைதான்.

மூன்று சொற்களையும் நோட்டில் எழுதிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது மூணும் நானா இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். யாரும் பார்த்ததில்லை" என்றாள்.

அந்தக் கையேட்டின் பெயரையோ அதை அனுப்பிய அமைப்பின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. அது மோசமான புத்தகமும் இல்லை. நல்ல எண்ணத்தோடு, உழைப்போடு எழுதப்பட்டது. ஒரு நோயைச் சுற்றி எல்லைகள் தாண்டி எழுந்த இயக்கம் தன் அடுத்த தலைமுறையை எப்படிக் கற்பனை செய்கிறது என்பதை அந்தப் பக்கங்களில் பார்க்க முடிந்தது. அந்தக் கற்பனைக்குள் என் மாணவிக்கு எங்கே இடம் என்று தேடிக்கொண்டே படித்தேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. இரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி உடலில் குறைவாக இருப்பதே ஹீமோபிலியா. மூட்டுகளுக்குள்ளும் தசைகளுக்குள்ளும் இரத்தம் கசியும். முழங்கால் பலாப்பழம் போல் வீங்கும். தலைக்குள் கசிந்தால் உயிர் போகும். காரணிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அது பழுதானால் நோய் முழுதாக வெளிப்படும். பெண்ணுக்கு இரண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். இந்த நம்பிக்கைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு.

1803இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் கான்ராட் ஓட்டோ, சில குடும்பங்களில் வழிவழியாக வரும் இரத்தப்போக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நியூ ஹாம்ப்ஷயரில் ப்ளிமத் அருகே குடியேறிய ஸ்மித் என்ற பெண்ணிடமிருந்து அந்தக் குடும்பக் கதை தொடங்குகிறது. ஆண்கள் மட்டுமே இதற்கு ஆளாகிறார்கள், பெண்கள் தாங்கள் பாதிக்கப்படாமலே தங்கள் ஆண் மக்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள் என்பது அவர் கண்டது. மருத்துவ வரலாற்றில் முக்கியமான கண்டுபிடிப்பு; பரம்பரை விதிகள் தெரியாத காலத்தில் ஒரு குடும்ப மரத்தை அவ்வளவு கூர்மையாகப் படித்திருக்கிறார். ஆனால் இலக்கிய மாணவியாக அந்த வாக்கிய அமைப்பை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. பெண் அதில் எழுவாயாக வருவதே ஒரே ஒரு வினைக்குத்தான்: கொடுக்கிறாள். அவளுக்கு ஏதாவது நேர்கிறதா என்ற கேள்வியே எழவில்லை. மாதாமாதம் இரத்தம் போகிற ஓர் உடலை நோக்கி, உனக்கு இரத்தப்போக்கு நோய் கிடையாது என்று சொல்லும்போது, எது போதும் எது அதிகம் என்று யாரும் அளந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

அளந்து பார்க்க ஒரு சிறுமி சாக வேண்டியிருந்தது. பால்டிக் கடலில், ஃபின்லாந்துக்குச் சொந்தமான ஓலந்த் தீவுக்கூட்டத்தில் ஃபோக்லோ என்றொரு தீவு. அங்கிருந்து ஐந்து வயதுக் குழந்தை ஹ்யோர்டிஸை 1924இல் ஹெல்சின்கியில் எரிக் ஃபான் வில்லபிராண்ட் என்ற மருத்துவரிடம் கொண்டுவந்தார்கள். அவளுடைய சகோதரிகளில் சிலர் சிறுவயதிலேயே இரத்தப்போக்கால் இறந்திருந்தார்கள். மருத்துவர் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து 1926இல் எழுதினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் வருகிற இரத்தப்போக்கு நோய் என்பதால் இது ஹீமோபிலியா இல்லை என்று சரியாகவே பிரித்தறிந்தார். ஆனால் அவர் வைத்த பெயர் "பரம்பரைப் போலி ஹீமோபிலியா". ஆணின் நோய் அசல். பெண்ணுக்கும் வருவதால் இது போலி. பிறகு அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. பரம்பரை இரத்தப்போக்குக் கோளாறுகளில் இன்று மிகப் பரவலானது இதுதான். ஹ்யோர்டிஸ் பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயில், இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள்.

இதை வகுப்பில் சொன்ன நாளில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "எங்க ஆயா இதுக்குப் பெரும்பாடுன்னு சொல்லும்" என்றாள். சித்த மருத்துவ நூல்களிலும் பழைய அகராதிகளிலும் இருக்கிற சொல். அளவுக்கு மீறிய மாதப்போக்குக்கும் தாங்க முடியாத துன்பத்துக்கும் தமிழில் ஒரே பெயர். நம்மிடம் சொல் இருந்திருக்கிறது. அந்தச் சொல்லை மருத்துவமனைச் சீட்டில் எழுதத்தான் ஆளில்லை.

பிற்காலத்து அறிவியல் ஓட்டோவின் வாக்கியத்தைத் திருத்தியது. பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று தற்செயலாக அடங்கிவிடுகிறது என்று 1961இல் சொன்னவர் மேரி லயன் என்ற மரபியலாளர். எந்த எக்ஸ் அதிகமாக அடங்குகிறது என்பதைப் பொறுத்து, மரபணுவைச் சுமக்கும் பெண்ணின் காரணி அளவு மிகவும் குறைந்தும் போகலாம். உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கும்போது அடியில் தங்கும் கசடில் எட்டாவது காரணி செறிந்திருப்பதை 1964இல் கண்டு, ஆயிரக்கணக்கான ஆண்களின் ஆயுளை நீட்டியவர் ஜூடித் கிரஹாம் பூல். இந்தப் பெயர்களைப் பெண்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கையேட்டின் வரலாற்றுப் பக்கத்தில் இவர்கள் இருவரும் இல்லை. விக்டோரியா ராணி இருக்கிறார். நோயை ஐரோப்பிய அரச குடும்பங்களுக்குக் கடத்தியவராக.

இனி இயக்கத்துக்கு வருகிறேன். கடுமையான ஹீமோபிலியா உள்ள மான்ட்ரியல் வணிகர் ஃபிராங்க் ஷ்னாபெல் 1963இல் பன்னிரண்டு நாடுகளின் பிரதிநிதிகளைக் கோபன்ஹேகனில் கூட்டி உலக ஹீமோபிலியா கூட்டமைப்பைத் தொடங்கினார். நோயாளிகள் தாங்களே எல்லைகள் கடந்து கூடி, மருத்துவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியது அன்றைக்குப் பெரிய காரியம். இந்தியாவிலும் 1983இல் அப்படியொரு கூட்டமைப்பு எழுந்தது. பிறகு அந்தப் பெருங்கொடுமை வந்தது. பலருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து தயாரித்த காரணி மருந்துகள் வழியாக எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளும் பரவின. ஷ்னாபெலும் அதில்தான் 1987இல் இறந்தார். அவர் பிறந்த ஏப்ரல் 17ஐத்தான் 1989 முதல் உலக ஹீமோபிலியா நாளாகக் கடைப்பிடிக்கிறோம். பிரிட்டனில் இரத்தப்போக்குக் கோளாறு உள்ள ஏறத்தாழ 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியதாக 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை சொல்கிறது. அவர்களில் சுமார் 380 பேர் குழந்தைகள். ட்ரெலோர் என்ற உறைவிடப் பள்ளியில் 1970க்கும் 1987க்கும் இடையே படித்த ஹீமோபிலியா மாணவர்கள் 122 பேர். உயிரோடு எஞ்சியவர்கள் ஏறத்தாழ 30 பேர்.

இளம் தலைவர்களை உருவாக்கும் திட்டங்களின் மேல் இந்த இயக்கத்துக்கு இருக்கும் பதற்றத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தலைமைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை ஆண்கள் முப்பது வயதுக்குள் செத்துப்போனார்கள். எங்கள் பகுதியில் முப்பது ஆண்டுகளாக இந்த அமைப்பில் உழைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு முழங்கால்களும் மடங்காது. நான் கையேட்டைக் குறைகூறியபோது அவர் கோபப்படவில்லை. "மேடம், எங்க செட்டுல பதினோரு பேரு. நாப்பதைத் தாண்டினது நாலு பேரு. இப்ப இருக்கிற பசங்க சாகமாட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் அவங்களைப் பொறுப்புக்குக் கொண்டுவரணும்னு எங்களுக்குத் தோணிச்சு. அதுக்குள்ள பொம்பளைப் பிள்ளைங்களை யோசிக்கலைன்னா அது தப்புதான். ஆனா வேணும்னு செஞ்ச தப்பில்ல" என்றார். அவர் சொன்னதை ஒதுக்கிவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. சாவு நெருங்கி நிற்கிற வீட்டில் யாருக்கு அதிகம் வலிக்கிறதோ அவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த இறந்த, இறந்துகொண்டிருந்த ஆண்களுக்காக யார் பேசினார்கள்? அமெரிக்காவின் இண்டியானாவில் ரையன் வைட் என்ற சிறுவனை எய்ட்ஸ் நோயாளி என்று பள்ளிக்குள் விட மறுத்தபோது வழக்குக்கும் தொலைக்காட்சிக்கும் ஓடியவர், தொழிற்சாலையில் வேலை பார்த்த அவன் தாய் ஜீன் வைட். 1990 ஏப்ரலில் மகன் இறந்தான். அதே ஆண்டு எய்ட்ஸ் நோயாளிகளின் சிகிச்சைக்கான சட்டம் அவன் பெயரில் நிறைவேற செனட்டர்களைப் பார்த்துப் பேசியவரும் அவரே. ஜப்பானில் கவாதா ர்யூஹே என்ற இளைஞர், ஹீமோபிலியா மருந்தால் தனக்கு எச்.ஐ.வி. வந்ததை 1995இல் பத்தொன்பது வயதில் தன் பெயரோடு வெளியே சொன்னார். அரசின்மேலும் மருந்து நிறுவனங்களின்மேலும் நடந்த வழக்கு அடுத்த ஆண்டு உடன்பாட்டில் முடிந்ததில் அந்த ஒரு செயலுக்குப் பெரிய பங்குண்டு. இளம் தலைவர் என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. 2007இல் நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். அவருக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே, 2000இல், கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போனவர் அவருடைய தாய் கவாதா எட்சுகோ. மகனிடம் அவனுடைய தொற்றைப் பத்து வயதில் எடுத்துச் சொன்னவரும் அவரே. அந்த உரையாடலை எப்படித் தொடங்கினார், எந்தச் சொல்லில் முடித்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தலைமைப் பயிற்சி என்று ஒன்று உண்டென்றால் அது அந்த அறையில்தான் நடந்திருக்கும்.

எங்கள் கையேட்டில் தாய்மார்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. மகனை அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாக்காதீர்கள், ஒதுங்கி வழிவிடுங்கள் என்பது அதன் சாரம். தேவையான அறிவுரையும்கூட. ஆனால் அதே தாய் பதினைந்து ஆண்டுகளாகச் செய்ததற்கு என்ன பெயர் என்று அந்த அத்தியாயம் சொல்லவில்லை.

"அட்வகஸி" என்ற சொல்லிலும் நாங்கள் முட்டிக்கொண்டோம். பரிந்துரை என்றால் சிபாரிசுக் கடிதம்போல் இருக்கிறது. வக்காலத்து என்றால் நீதிமன்றம். "அறத்தொடு நிற்றல்" என்று எழுதட்டுமா என்று அவள் விளையாட்டாகக் கேட்டாள். சங்க அகப்பாடல் பயின்றவர்களுக்கு அது தெரியும்: தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு உணர்த்துவாள், செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். துன்பப்படுகிறவளின் உண்மை முடிவெடுக்கிறவர்களின் காதுக்குப் போய்ச்சேர மூன்று பெண்களின் வாயைக் கடந்தாக வேண்டும். செவிலி என்ற சொல்லைத்தான் பிறகு நாம் மருத்துவமனைத் தாதியருக்குக் கொடுத்தோம். சிரித்துக்கொண்டே தொடங்கிய பேச்சு, ஆனால் அவள் வீட்டில் நடப்பது அச்சாக அதுதான். தம்பிக்கு முட்டி வீங்கினால் அவன் அக்காவிடம் சொல்வான், அவள் அம்மாவிடம், அம்மா அப்பாவிடம், அப்பா ஆட்டோவுக்குப் பணம் எடுப்பார். ஒரே வேறுபாடு, இங்கே நோயுற்றிருப்பவன் ஆண்; பேசுகிறவர்களெல்லாம் பெண்கள். பேசுகிறவளுக்கே உடம்பு சரியில்லை என்றால் யார் சொல்வது என்பதற்கு இந்த வரிசையில் வழி கிடையாது.

அவள் பதினான்கு வயதில் தம்பிக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டவள். ஐஸ் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து அறைச்சூட்டுக்கு வரவிட்டு, தூளில் நீரைச் சேர்த்து, குலுக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கரைத்து, கையில் நரம்பைத் தேடிப்பிடித்து மெதுவாக ஏற்றவேண்டும். பள்ளிக்குக் கிளம்பும் முன் இதைச் செய்துவிட்டுத் தன் தலையைப் பின்னிக்கொள்வாளாம். கையேட்டில் "தன் சிகிச்சையைத் தானே பொறுப்பேற்றல்" என்பது தலைமையின் முதல் படி. இன்னொருவர் சிகிச்சைக்குப் பொறுப்பேற்றவள் எந்தப் படியில் நிற்கிறாள்? மருத்துவமனைப் பதிவேட்டில் எட்டு ஆண்டுகளாக அவள் "உடன் வருபவர்" என்ற இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறாள். இளைஞர் அணியின் உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்கள் நோயாளிகள். அவள் நோயாளி என்று யாரும் எழுதாததால் உறுப்பினர் இல்லை. ஆனால் முகாமுக்கு வரவேண்டும், பதிவு மேசையில் உட்காரவேண்டும், பிற மாவட்டத்துப் பையன்களின் அம்மாக்களுக்குத் தொலைபேசியில் தைரியம் சொல்லவேண்டும்.

கையேட்டின் மையமான பயிற்சி "உன் கதையைச் சொல்". ஐந்து நிமிடத்தில், மேடையில், முன்பின் தெரியாதவர்கள் முன்னால். வலியில் தொடங்கி, மருந்து கிடைத்த நாளில் திரும்பி, இன்று நான் பிறருக்கு உதவுகிறேன் என்று முடியவேண்டும். அந்தக் கட்டுமானம் மூலநாட்டின் நிதி திரட்டும் மேடைகளுக்கு ஏற்றது. எல்லை தாண்டி வரும்போது அது தேர்வுவினா ஆகிவிடுகிறது: எவனுடைய துன்பம் ஆங்கிலத்தில் நன்றாக அமைகிறதோ அவனுக்கு விமானச் சீட்டு. இரண்டு நாட்டு அமைப்புகளை இணைத்துக் கற்றுக்கொள்ளச் செய்யும் இரட்டையர் திட்டங்கள் இருக்கின்றன. 1996 முதல் நன்கொடையாக மருந்து வருகிறது. இவையெல்லாம் உயிர்களைக் காத்திருக்கின்றன. அதனாலேயே மருந்து வரும் திசையில்தான் தலைமை பற்றிய கருத்தும் வருகிறது என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கடவுச்சீட்டு, விசா, இரவுப் பயணம், வீட்டு அனுமதி, நாப்கின் மாற்ற இடம் — இவை பற்றிக் கையேட்டில் ஒரு வரி இல்லை. பையன்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

தம்பி ஓர் ஆசிய இளைஞர் சந்திப்புக்குத் தேர்வானான். அவனுடைய ஐந்து நிமிடக் கதையை எழுதியவள் அக்கா. தமிழில் எழுதி என்னிடம் காட்டிவிட்டு ஆங்கிலத்தில் மாற்றினாள். நன்றாகவே எழுதியிருந்தாள், தேவையில்லாத ஒரு பெயரடை இல்லை. "என் அம்மாவும் அக்காவும் எனக்கு ஆதரவாக இருந்தார்கள்" என்று ஒரு வரி.

"உன்னை ஒரு வரியில முடிச்சிட்டியேம்மா?"

"அஞ்சு நிமிஷம்தாம்மா கொடுத்திருக்காங்க. அது தம்பி கதை."

நான் பல ஆண்டுகளாகப் பெண் தன்வரலாறுகளைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். எழுதுகிறவளே தன்னை அழித்துக்கொள்ளும் இடங்களை மாணவிகளுக்குக் கோடிட்டுக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு என் முன்னால் ஒருத்தி அதைச் செய்துகொண்டிருந்தாள், பிழையில்லாத உரைநடையில். நான் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்து அனுப்பினேன்.

இயக்கம் தேங்கி நிற்கிறது என்று சொன்னால் அது நேர்மையாகாது. உலகக் கூட்டமைப்பில் இரத்தப்போக்குக் கோளாறுள்ள இளம்பெண்கள் மாநாட்டுக்கு வந்து பயிற்சிபெற சூசன் ஸ்கின்னர் நினைவு நிதி இருக்கிறது. 2021இல் பன்னாட்டு இரத்த உறைவியல் அறிஞர்கள் புதிய பெயர்முறையை வெளியிட்டார்கள். காரணி அளவு 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள பெண்ணை இனிக் கடத்தி என்று சொல்லக்கூடாது. ஆணுக்குச் சொல்வதைப் போலவே லேசான, மிதமான, கடுமையான ஹீமோபிலியா உள்ளவர் என்று சொல்லவேண்டும். 40க்கு மேல் இருந்தும் இரத்தப்போக்கு இருப்பவர்களுக்கும் தனிப்பெயர் உண்டு. பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இரத்தம் போகிறது என்பதே 2025ஆம் ஆண்டு உலக ஹீமோபிலியா நாளின் கருப்பொருள். ஓட்டோவின் வாக்கியத்துக்கும் இதற்கும் இடையே 222 ஆண்டுகள். இந்தத் திருத்தம் ஆய்வகத்தில் மட்டும் நடக்கவில்லை. தங்கள் வீட்டு ஆண்களுக்காகக் கூட்டங்களுக்கு வந்த பெண்கள், தேநீர் இடைவேளைகளில் ஒருவருக்கொருவர் எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று கேட்டுக்கொண்டதிலும் நடந்தது.

புதிய பெயர்முறையை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மாதம் ஒன்பது நாள், சில மாதம் பதினொரு நாள். ஆறாம் வகுப்பிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை. கடைவாய்ப்பல் பிடுங்கியபோது மூன்று நாள் தலையணை நனைந்திருக்கிறது. ஹீமோபிலியா பற்றி ஒரு மாவட்டத்துக்கே விளக்கம் சொல்கிற பெண், இதையெல்லாம் தன் உடம்புச்சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்கு நானும் உடன் போனேன். பதிவுச் சன்னலில் இருந்தவர் அவளை அடையாளம் கண்டு, "தம்பி எங்க? பேஷண்ட் வராம எப்படி?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

எட்டாவது காரணி 22 சதவீதம்.

அம்மாதான் உடைந்துபோனார். "இதை எழுத்துல வாங்கிட்டு வந்தா எவன் கட்டுவான்?" என்று கேட்டார். மகனுக்கு நோய் என்று தெரிந்த நாளில் மாமியார் வீட்டில் தனக்கு நடந்ததையெல்லாம் அன்றைக்குத்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய தம்பி ஒருவன் ஒன்பது வயதில், தலையில் அடிபட்டு என்று சொல்லி, செத்துப்போயிருக்கிறான். அந்த அம்மாவின் காரணி அளவை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு பிரசவத்திலும் சாகப் பிழைத்தவர். கர்ப்பத்தில் எட்டாவது காரணி தானே உயர்ந்து பிரசவத்துக்குப் பின் சரியும். ஆபத்து குழந்தை பிறந்த பிறகுதான். இதை அறிந்தவர்கள் அருகில் இருந்தால் தடுத்துவிடலாம்.

இன்னொன்றையும் கையேடு அறியாது. நம் ஊரில் தாய்மாமன் உறவு என்று ஒன்று இருக்கிறது. ஹீமோபிலியா உள்ள ஒருவர் தன் அக்காள் மகளைக் கட்டினால், அந்த அக்காளிடமும் அவள் மகளிடமும் அதே மரபணு இருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால், பிறக்கும் பெண்குழந்தைக்கு அப்பாவின் பழுதான எக்ஸ் உறுதியாக வரும். அம்மாவுடையது வர சரிபாதி வாய்ப்பு. இரண்டும் வந்தால் அந்தக் குழந்தைக்கு ஆண்களுக்கு வருவதுபோலவே கடுமையான ஹீமோபிலியா. "நோயுள்ள பையனுக்கு வெளியே யார் பொண்ணு கொடுப்பா" என்றுதான் இந்தத் திருமணங்கள் முடிவாகின்றன. இதைப் பேசத் தெரிந்த ஓர் இளம்பெண் இல்லாமல் எந்தத் தலைமைப் பயிற்சியும் எங்கள் ஊரில் தொடங்கக்கூட முடியாது. ஒரு பெண்ணின் பூப்பு நீராட்டுக்கு மறுவாரம் அவள் வீட்டுக்குப் போய், "இன்னும் நிக்கலையா அத்தை?" என்று எந்த இளைஞர் அணித் தலைவனால் கேட்க முடியும்? என் மாணவி கேட்கிறாள். சித்தி, அத்தை, பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விடுகிறாள்.

அறிக்கை வந்தபிறகு நான்கு மாதம் மொழிபெயர்ப்பைத் தொடவில்லை. பிறகு ஒரு விடுமுறையில் உட்கார்ந்து முடித்தாள். "கேரியர்" வரும் இடங்களில் கடத்தியும் இல்லை தாங்கியும் இல்லை. "இந்த மரபணு உள்ள பெண்" என்று நீட்டி எழுதியிருக்கிறாள். பக்கம் கூடினாலும் பரவாயில்லை என்றாள். "லீடர்" என்பதற்குத் தலைவர் என்று போட்டவள், ஓரிடத்தில் மட்டும் தலைவி என்று எழுதிவிட்டு, "பாட்டுல வர்ற தலைவின்னு நினைச்சிடுவாங்களோ?" என்று கேட்டாள். நினைத்தால் நினைக்கட்டும் என்றேன்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படிவம். நீங்கள் யார் என்று கேட்டு மூன்று கட்டங்கள்: நோயாளி, பெற்றோர், உடன்பிறந்தவர். ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும். தமிழ்ப் பிரதியில் அவள் அந்த "ஒன்றில் மட்டும்" என்பதை எடுத்துவிட்டு, நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தாள்: "இன்னும் பரிசோதிக்கப்படாதவர்". அச்சுக்குப் போகும் முன் பிரதியை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், மூலத்தில் இல்லாத கட்டம் எப்படி வந்தது என்று விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். பதிலை எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மன்னிக்கவும்" என்று தொடங்கியிருந்தது. அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். மற்றபடி திருத்த ஒன்றும் இல்லை.